வீட்டில் லாக் புக் எழுதலாமா?
ஓய்வு பெற்றவர்களுக்கான கேள்வி - பதில்

போன இதழில் "ரிட்டயர் ஆனவர்கள் எழுதுங்கள்" என்று இரண்டே வரி போட்டதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கோத்தகிரியில் மூன்று நாளாக மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பாதியைப் படித்தேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். சின்ன மலை இது. மஞ்சூரில் ஒருவர் தும்மினால் எடக்காட்டில் கஷாயம் வைப்பார்கள்.

கேள்வி: நீர்மின் நிலையத்தில் 34 வருடம் ஷிப்ட் வேலை. பிப்ரவரியில் ஓய்வு பெற்றேன். மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து லாக் புக்கில் எழுதின கை. இப்போது ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சும்மா இருக்க முடியாமல் தண்ணீர்த்தொட்டி அளவு, கரண்ட் மீட்டர், சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். "இது வீடா, பவர் ஹவுஸா?" என்கிறார் மனைவி. மகள் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். எனக்கு ஏதாவது கோளாறா?
(மஞ்சூர் வாசகர்)

பதில்: கோளாறு ஒன்றும் இல்லை சார். முதலில் தூக்கத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி விழித்த உடம்பு, சால்வை போட்டு அனுப்பின மறுநாளே 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்திரு என்றால் கேட்குமா? கொஞ்ச நாள் பிடிக்கும். பகலில் அரை மணிக்கு மேல் படுக்காதீர்கள். மதியத்துக்கு மேல் டீயைக் குறையுங்கள் (மஞ்சூர்க்காரரிடம் டீயைக் குறைக்கச் சொல்வது பாவம்தான், தெரியும்). தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி அரை மணி வெளியே இருங்கள். எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் தோன்றிக்கொண்டே இருந்தால் மட்டும் மகள் சொல்வது சரி, டாக்டரைப் பாருங்கள். அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், மனநலத்துக்கென்று அரசு நடத்துகிற எண் அது.

இனி அந்த நோட்டு விஷயம். நான் தபால் ஆபீஸில் இருந்தவன். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை, தேதி முத்திரையில் நேற்றைய அச்சை எடுத்துவிட்டு இன்றைய தேதியைச் செருகுவது. குளிரில் விரல் விறைத்துப்போய் அந்தத் துக்கடா அச்சு நழுவி மேசைக்கடியில் உருளும், ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடுவோம். அப்புறம் மையில் ஒற்றி ஒரு நோட்டில் குத்திப் பார்த்துக் கையெழுத்து. 2016இல் ஓய்வு பெற்றேன். மூன்றாவது மாதம் குன்னூரில் ஒரு கல்யாணம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மனைவியையும் கிளப்பிக்கொண்டு போய் இறங்கினால், பந்தல்காரர் ஏணி மேல் நின்று தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் முந்தின நாள்! 37 வருடம் ஊருக்கெல்லாம் தேதி குத்தினவனுக்குத் தேதி தெரியவில்லை. மனைவி அங்கே வாயைத் திறக்கவில்லை. பஸ் கட்டபெட்டு தாண்டினதும் சிரிக்க ஆரம்பித்தவர் கோத்தகிரி வரைக்கும் நிறுத்தவில்லை.

அதனால் உங்கள் நோட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டு எழுதுவதில் குறை இல்லை, அதைப் படிக்க ஆள் இல்லாததுதான் குறை. பவர் ஹவுஸில் நீங்கள் எழுதி வைத்ததை அடுத்த ஷிப்ட்காரர் வந்ததும் முதலில் பார்ப்பார் இல்லையா, ஒரு ரீடிங் விட்டுப்போனால் "என்ன சார், 3 மணி காலியா இருக்கு?" என்று கேட்பார் இல்லையா, அந்தக் கேள்வி போய்விட்டது. உங்கள் வீட்டுத் தொட்டியில் எத்தனை அங்குலம் தண்ணீர் என்று மனைவி எதற்குக் கேட்கப்போகிறார்?

மழையை அளந்து பாருங்கள் சார். மேலும் கீழும் ஒரே அகலமாக, பக்கங்கள் செங்குத்தாக இருக்கிற ஒரு டப்பா போதும். மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, காற்றில் சாயாதபடி திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு, வானிலைத் துறைக்காரர்கள் அளக்கிற அதே நேரத்துக்கு, நிமிர்ந்த ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு கொட்டிவிடுங்கள். ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்று ஓரம் இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க மறக்கவேண்டாம். 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பத்துக்குப் பத்து அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 460 லிட்டர் சொச்சம். எண் பைத்தியமான உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்துச் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் உங்களுக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த மலையில் ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறும். மஞ்சூரில் அளந்தது கீழே கெத்தைக்குப் பொருந்தாது. தினமும் அளவை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் யாராவது இருந்தால் பிள்ளைகளை அனுப்பச் சொல்லுங்கள். முதல் மாதம் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு நாள் நீங்கள் போட மறந்தால் எவராவது "சார், இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பார். கேட்டதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு எழுந்து டப்பாவைப் பார்க்கப் போகக் கூடாது. அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது காலையில் குளித்துவிட்டு நேராக சமையலறைக்கு வந்துவிடுகிறார். "கேஸ் ஏன் இவ்வளவு பெரிசா எரியுது", "துவரம் பருப்பை ஏன் இந்த டப்பாவில் வெச்சிருக்கே" என்று ஒரே ஆடிட். நேற்று மசாலா டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டிவிட்டார். எனக்கு எங்கேயாவது ஓடிப்போகலாம் போலிருக்கிறது.
(குன்னூர் வாசகி)

பதில்: ஓடாதீர்கள் அம்மா, லேபிளைக் கிழித்தால் போதும். அவருக்கு ஒரு கிளையை ஒப்படைத்துவிடுங்கள். காலை டிபன் முழுக்க அவர் பொறுப்பு: மாவு ஆட்டுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரைக்கும். நீங்கள் அந்த ஒரு மணி நேரம் சிம்ஸ் பார்க்கில் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். முதல் வாரம் இட்லி கல் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், குறை சொல்லாதீர்கள், யோசனையும் சொல்லாதீர்கள். ஆடிட் பண்ணுகிற ஆளுக்கு ஆடிட் வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தானாகத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவருக்கு 60இல் ஓய்வு வந்துவிட்டது, உங்களுக்கு எப்போது? இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் ஆண்கள் எழுதியது எல்லாமே "பொழுது போகவில்லை", பெண்கள் எழுதியது எல்லாமே "பொழுதே கிடைக்கவில்லை". ஒரே வீட்டிலிருந்துகூட இரண்டும் வந்திருக்கும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றேன். கையில் 28 லட்சம் வந்திருக்கிறது. மகன் அதைக் கேட்கிறான், ஊட்டிக்கு வெளியே காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாமாம். "உங்களுக்கும் பொழுது போகும்பா" என்கிறான். மறுத்தால் மனஸ்தாபம் வரும்.
(ஊட்டி வாசகர்)

பதில்: மனஸ்தாபம் வரட்டும் சார். இரண்டு தீபாவளியில் ஆறிவிடும். போன பணம் ஆறாது.

தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 60 ஆனவர்கள் அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம், 5 வருடம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கொரு தரம் அறிவிக்கும், நான் பார்த்து வைத்திருக்கிற கணக்கு 8.2 சதவீதம். போடுகிற அன்று என்ன வட்டியோ அதுதான் 5 வருடத்துக்கும். 20 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் கணக்கில் விழும். வட்டிக்கு வரி உண்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மிச்சத்தில் ஒரு பங்கை மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு, மகனுக்குத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போதே மனசுக்குள் அதை வராக்கடன் என்று எழுதிவிடுங்கள்.

காட்டேஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது, மலைப்பகுதிக்கென்று தனி அனுமதிகள் வாங்க வேண்டும். 2018இல் சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவில் சீல் வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். எல்லா அனுமதியும் கிடைத்தே கட்டினாலும் மே மாதம் ராத்திரி 11 மணிக்கு "வெந்நீர் வரல அங்கிள்" என்று போன் வரும்போது எழுந்து போகிற ஆள் யார்? மகன் இல்லை. "பொழுது போகும்பா" என்று அவர் சொன்னது அதைத்தான்.

குடியிருக்கிற வீட்டை எழுதிக்கொடுக்கிற பேச்சும் கூடவே வரும். எழுதியே ஆகவேண்டும் என்று வந்தால், "எங்களை வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் வருடச் சட்டத்தில், அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்க வழி இருக்கிறது. நிபந்தனை எழுதாமல் விட்டால் இழுபறிதான்.

கேள்வி: அம்மா எஸ்டேட்டில் 30 வருடம் கொழுந்து எடுத்தவர். போன வருடம் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள், லைன் வீட்டையும் காலி செய்து எங்களோடு வந்துவிட்டார். இப்போதும் 5 மணிக்கு எழுந்து கட்டஞ்சாயா போட்டுக் குடித்துவிட்டு, பக்கத்தில் ஒருவருடைய சின்னத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். "ஊர்ல என்ன நெனப்பாங்க, உக்காந்து சாப்பிடும்மா" என்றால் கேட்கமாட்டேன் என்கிறார். எப்படித் தடுப்பது?
(கூடலூர் வாசகர்)

பதில்: தடுக்காதே தம்பி. (வயது எழுதியிருந்தாய், அதனால் இந்த உரிமை.) நாலு பெண்கள் வரிசையாக நின்று பேசிக்கொண்டே பறிக்கிற இடத்திலிருந்து, டி.வி. ஓடுகிற ஒரு அறைக்கு அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறாய். அங்கே அவர் ஒரு நாள் வராவிட்டால் "அக்காவுக்கு என்னாச்சு" என்று கேட்க ஆள் உண்டு. கூடையின் எடையைக் குறைத்துக்கொள்ளச் சொல். மழைக்கு நல்ல பிளாஸ்டிக் படங்கு, அட்டை கடிக்காமல் காலுக்கு உறை வாங்கிக் கொடு. முட்டி வலி அதிகமானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகட்டும். ஊர் நினைக்கிறதைப் பற்றி அம்மா 30 வருடம் கவலைப்பட்டிருந்தால் நீ படித்திருக்க மாட்டாய்.

நீ பார்க்க வேண்டிய வேலை வேறு. பணிக்கொடை சரியாக வந்ததா? நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளம் நாளுக்கு 400 என்று வைத்துக்கொண்டால் 400 x 15 x 30, அதாவது 1,80,000 ரூபாய். உன் அம்மாவின் கடைசிச் சம்பளத்தைப் போட்டு நீயே பெருக்கிப் பார். வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதமானால் வட்டியோடு. குறைந்திருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடு. பி.எப். பென்ஷனுக்கு வருடம் ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். கொழுந்து எடுத்த விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷினில் பதியாது. நான் செவ்வாய்க்கிழமை தோறும் இங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இந்த மாதிரிப் படிவங்களை எழுதிக் கொடுக்கிறேன், வாரம் இரண்டு பாட்டிகளாவது "கை எடுக்கலைங்கய்யா" என்று வருவார்கள். முகத்தை வைத்துப் பதிகிற வசதி இப்போது மொபைலிலேயே இருக்கிறது, உன் போனில் நீயே செய்து கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு காலை 5 மணிக்கு வாக்கிங் போகிறேன். நல்லதா?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: கரடிக்கும் அதே நேரம்தான் சார். வெயில் ஏறினதும் 7 மணிக்குமேல் போங்கள். மார்கழி, தை உறைபனியில் நெஞ்சு நோய் இருப்பவர்கள் 8க்கு முன்னால் கதவையே திறக்க வேண்டாம்.

கேள்வி: 67 வயது. மனைவி தவறி ஒரு வருடம் ஆகிறது. மகன் கோவைக்கு வந்துவிடச் சொல்கிறான், இங்கே வீட்டை விற்றுவிடலாமாம். குளிரில் எனக்கு முட்டி வலி, தனியாகவும் இருக்கிறேன். ஆனால் கிளம்ப மனசு வரவில்லை.
(கோத்தகிரி பக்கத்து கிராமத்திலிருந்து)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. ஒரு வருடம் என்பது ஒன்றுமே இல்லை, அந்த வீட்டில் இன்னும் அவர் வைத்த இடத்திலேயே சாமான்கள் இருக்கும். இந்த நேரத்தில் விற்கிற முடிவை எடுக்காதீர்கள்.

போய்ப் பாருங்கள், விற்காமல் போய்ப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு இறங்கினால் தை முடியட்டும், மாசியில் ஏறி வாருங்கள். முட்டிக்கும் நல்லது, பேரன் பேத்தியோடும் இருந்த மாதிரி ஆச்சு. அங்கே மகனும் மருமகளும் காலையில் 9 மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மாலை வரை உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறதா என்று கவனியுங்கள். என் நண்பர் ஒருவர் கீழே போய் ஆறாவது மாசம் லிப்ட்காரரோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் போன வேகத்தில் அங்கே பூங்காவில் சீட்டுக்கச்சேரி சேர்ந்து மலையையே மறந்துவிட்டார். ஆளைப் பொறுத்தது.

அதே சமயம் மகன் சொல்வதையும் தள்ளாதீர்கள். ராத்திரி நெஞ்சு வலி வந்தால் இங்கே தூரம் அதிகம், அது நிஜம். இங்கே மலையில் இருக்கிற மாதங்களில் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். தினமும் காலை 8 மணிக்கு மகனுக்கு ஒரு போன், வராவிட்டால் அவர் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் பக்கம் லாங்வுட் சோலை இருக்கிறதே, 116 ஹெக்டேர், சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான், 2024இல் ராம்சார் என்கிற உலக அளவிலான ஈரநிலப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அதைக் காக்கிற உள்ளூர்க்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவது உண்டு. எந்த மரம் எந்த மாசம் காய்க்கும், அந்தக் காலத்தில் எங்கே ஊற்று இருந்தது என்று சொல்ல உங்கள் வயதுக்காரர் ஒருவர் கூடப் போனால் அவர்களுக்கு எவ்வளவு உதவி. வனத்துறையில் கேட்டுவிட்டுப் போங்கள். போகிறதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், முதல் தடவை நானும் வருகிறேன்.

கேள்வி: 2018இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். இனி 2030இல்தான். எனக்கு இப்போதே 71. பார்ப்பேனா?
(பண்ணைக்காடு வாசகர்)

பதில்: 2006இல் பார்த்தீர்களா? அப்போதும் "அடுத்தது 2018, யார் இருப்பாரோ" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 12 வருடம் சும்மா நின்று, ஒரே தடவை பூத்துக் காய்த்து, அந்தச் செடி பட்டுப்போய்விடும். 2018இல் நீங்கள் பார்த்த செடி எதுவும் இப்போது இல்லை. விதையில் வந்த அடுத்த செட் வளர்ந்துகொண்டிருக்கிறது, பூவில்லாத காலத்தில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஒரு முறை போய் எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுதுங்கள். எங்கள் மஞ்சூர்க்காரருக்கு அளவு என்றால் உயிர், அவருக்கும் அனுப்பிவைக்கிறேன்.

2030க்கு நான் வருகிறேன், எனக்கு 74 ஆகியிருக்கும். பழனி வழியாக பஸ்ஸில் ஏறி வருவேன், ஜன்னல் சீட்டில். குறிஞ்சியாண்டவர் கோயில் வாசலில் நில்லுங்கள், செப்டம்பர் முதல் சனிக்கிழமை. தேதியை மனைவி பார்த்துக்கொள்வார்.